சுவர் முடிந்தது என்று தங்கைக்கு ஒரு வரி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே சுகம். சுகம் என்பதை என் விஷயத்தில் கழுத்துக்கு மேலே மட்டும் என்று எடுத்துக்கொள். இடுப்பைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, கேட்டால் நீ உண்மையைச் சொல்லவா போகிறாய்.

சாவியைக் கையில் கொடுக்கும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "சுவர முடிச்சதும் ஒரு வரி எழுதிப் போடுண்ணே. போன்ல சொல்லாத, போன்ல கேட்டா அழுதுடுவேன்." ஆகவே அந்த ஒரு வரி: சுவர் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் தரகர் அழைத்து வருகிறவர்களுக்கு, நாம் லீவுக்கு வந்து தங்குகிற இந்த மரவீட்டைத் தாராளமாகக் காட்டலாம். பாதிச் சுவரோடு வீட்டைப் பார்க்கவே என்னவோ போலிருக்கிறது, அதை முடித்தால்தான் வாங்குவோம் என்றார்களாமே, இனி முழுச் சுவராகப் பார்த்துக்கொள்ளட்டும். நீ கேட்ட கடிதம் இத்தோடு முடிந்தது. இதற்குக் கீழே இருப்பதெல்லாம் நீ கேட்காதது. வேண்டாமென்றால் மடித்து வைத்துவிடலாம். ஆனால் படிக்காமல் இருக்க மாட்டாய், நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும்.

வந்து இறங்கிய அன்றே ஆரம்பித்துவிட்டது. பூட்டு திறக்க மறுத்தது. எண்ணெய் விட்டேன், ஊதினேன், சாவியைத் தலைமயிரில் தேய்த்தேன், கடைசியில் மரியாதையாகப் பேசியும் பார்த்தேன். உன் அண்ணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கதவைத் தன் பக்கம் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள், திறந்துகொண்டது. "அண்ணன் இப்படித்தான் திறப்பாரு. நீங்க என்னைக்குக் கவனிச்சீங்க" என்றாள், அவள் அண்ணன் என்றது உன் வீட்டுக்காரரை. உள்ளே நுழைந்தால் எதிரே ஆணியில் மாப்பிள்ளையின் மழைக்கோட்டு. தோள் இருந்த இடம் இன்னும் தோளாகவே இருந்தது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி ஆளுக்கொரு ஜன்னலைத் திறக்கப் போனோம். அவளுடைய ஜன்னல் திறந்தது. என்னுடையது சட்டத்தோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டு நின்றேன். நின்றதும் நல்லதாகப் போயிற்று, கண் கலங்கியதற்குத் தூசி விழுந்தது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

கொட்டகையில் கையுறை தேடினால் கிடைத்த இரண்டும் இடது கைக்கானவை. மாப்பிள்ளை வலது கைக்கு மட்டும்தான் உறை போடுவார், இடது கைக்காவது கல்லின் மனசு தெரிய வேண்டும் என்பார். அதனால் இடது உறைகள் கடையில் வாங்கிய மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. வலதில் ஒன்று எப்போதோ கிழிந்துபோய்விட்டது. இன்னொன்று அன்றைக்கு அவர் கையோடு ஆம்புலன்சில் ஏறிவிட்டது. ஆகவே இடது உறையைத் திருப்பி வலது கையில் மாட்டிக்கொண்டேன். மாட்ட முடிகிறது, ஆனால் உள்ளங்கைக்கென்று தைத்த தோல் புறங்கைப் பக்கமும் துணி உள்ளங்கைப் பக்கமும் வந்துவிடுகிறது. இன்றைய தேதியில் என் புறங்கையில் ஒரு கீறல் இல்லை, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

நானும் மாப்பிள்ளையும் சிமெண்டு இல்லாமல் கல்மேல் கல்லாகச் சுவர் கட்டிய லட்சணம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பக்கத்து நியாயத்தை நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை, பாதியிலேயே சிரித்துவிடுவாய். நான் வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் புத்தகம் பைண்டு செய்தவன். எனக்கு விளிம்பு என்றால் விளிம்பு. முதலில் சுவரில் இருக்கிற இடைவெளியை அளக்க வேண்டும், பிறகு அந்த அளவுக்கான கல்லைக் குவியலில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மறுபடி தேட வேண்டும். மாப்பிள்ளை பஸ் ஓட்டியவர். குவியலில் கைக்கு வந்த கல்லை எடுப்பார். எடுத்ததைக் கீழே போடக் கூடாது என்பது அவர் சட்டம். அதற்கு ஓர் இடம் கிடைக்கிறவரைக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறவர் மாதிரி சுவர் நெடுக நடந்துகொண்டே இருப்பார். "ஏறிட்டான் மச்சான், இனி நடுவழியில எப்படி இறக்கி விடறது" என்பார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, முந்தின நாள் நான் வைத்ததில் தனக்குப் பிடிக்காததை எடுத்துவிட்டுத் தன் கல்லை வைப்பார். மதியம் அவர் கண்ணயரும்போது நான் அதை எடுத்துத் திருத்துவேன். அவர் செய்தது கலைப்பு, நான் செய்தது திருத்தம், இந்த வித்தியாசத்தை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் நேராகக் கேட்டதே கிடையாது. "கல்லு தானா நகருது போலிருக்கு" என்பார் அவர், மண் இளகியிருக்கும் என்பேன் நான், நீயும் உன் அண்ணியும் சமையலறை ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொள்வீர்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து இப்படிக் கட்டினால் ஒரு சுவர் எவ்வளவு வளருமோ அவ்வளவுதான் வளர்ந்தது. ஒருமுறை எனக்கே பொறுக்காமல், பேசாமல் சிமெண்டு போட்டுவிடலாம் மாப்பிள்ளை என்றேன். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சிமெண்டு போட்டா அப்புறம் அடுத்த லீவுக்கு எதுக்கு மச்சான் வர்றது?"

எல்லாத் தகராறுக்கும் தலைத் தகராறு அந்தத் தொப்பைக்கல். ஒரு பூசணிக்காய் அளவு இருக்கும், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் தொப்பை. சரிவைப் பார்த்த மூலையில் அதைத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மூலைக்கு நான்கு பக்கமும் படிகிற கல் வேண்டும், தொப்பை உள்ளது நிற்காது என்பது என் கட்சி. அவர் மூலையில் வைப்பார், நான் எடுத்துக் குவியலுக்கு அடியில் புதைப்பேன், அவர் தோண்டி எடுத்து மறுபடி வைப்பார். இந்தத் தடவை போய்ப் பார்த்தால் அது மூலையிலும் இல்லை, குவியலிலும் இல்லை. மூலைக்குக் கொஞ்சம் தள்ளிப் புல்லில் தனியாகக் கிடந்தது. கையில் எடுத்த கல்லைக் கீழே போடாத மனிதர் அன்றைக்குப் போட்டுவிட்டார். அதைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது. ஆம்புலன்சில் படுத்துக்கொண்டே டிரைவரிடம், இறக்கம் வருகிறது, இரண்டாவது கியருக்கு மாற்று என்றாராமே, நீதான் சொன்னாய். அதை நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்லைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் வேறு கல் எடுத்தேன்.

முதல் நாள் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தள்ளுவண்டியில் கல்லை ஏற்றிக்கொண்டு சரிவில் வந்தேன், வந்தது நான் மட்டும்தான், வண்டி எனக்கு முன்பே போய்விட்டது. போன வண்டி பல்வைத்தியருடைய பூச்செடிப் பாத்தியில் போய் நின்றது. பக்கத்து வீட்டில் அவர் இன்னும் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பற்களிலிருந்து ஓய்வு பெறவில்லை. வழக்கம்போல மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டாவது வரிசையில ஒரு கடைவாய்ப்பல்லு ஆடுது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். குனிந்த இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. நான் நிமிர முடியாமல் கல்லைப் பார்த்தபடி நிற்க, அவர் அதை என் ஈடுபாடு என்று நினைத்துக்கொண்டு ஈறு வீக்கத்துக்கு உப்பு நீர் எப்படி நல்லது என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் உன் அண்ணி வந்து பின்னாலிருந்து பிடித்து நிமிர்த்தினாள். அப்போது அவர் கேட்டார், "அவரு வரலையா? உங்க மாப்பிள்ளை. அவரு கையில கல்லோட நடக்கிறத பாக்கத்தான் நான் வர்றதே." அவருக்கு விஷயம் தெரியாது. ஆம்புலன்சு வந்த அன்று அவர் ஊரில் இல்லையாம். சொன்னேன். எழுந்து போவார் என்று நினைத்தேன், போகவில்லை. பல்லைப் பற்றிப் பேசாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் எழுந்ததும் நேரே சுவருக்குத்தான் போனேன். போகும்போதே கோபத்தைத் தயார் செய்துகொண்டு போனேன் என்று சொன்னால் நீ நம்ப வேண்டும். எத்தனையோ வருஷப் பழக்கம், காலும் நாக்கும் தாமாகவே போய்விடுகின்றன. எந்தக் கல்லை எடுத்திருப்பார், வலது ஓரத்தில் இருக்கிற நீளக் கல்லையா, அதற்கு மேலே இருக்கிறதையா, என்ன சொல்லி மண்ணின் மேல் பழியைப் போடலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் நான் வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஒரு கல் அசையவில்லை. அவர் போனபோது நான் வந்தேன், தூக்கினேன், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், ஆனால் அவர் இல்லை என்பது எனக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. ஈரப் புல்லில் செருப்போடு நின்று அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அதன் பிறகு சுவர் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் உனக்கு வயிறு எரியும். யாரும் கலைக்காவிட்டால் இது இவ்வளவு சீக்கிரம் முடிகிற சுவரா என்று எனக்கே கோபம் வந்தது. சுவரின் உள்முகம் வெளிமுகம் இரண்டையும் ஏற்றி, நடுவே சிறு கல்லை அடைத்து, குறுக்கே நீளக் கல்லைப் போட்டு மேலே மேலே போய்க்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே தப்பாகவும் வைத்துப் பார்த்தேன். இரண்டு கல் சேர்கிற மூட்டுக்கு மேல் இன்னொரு மூட்டு வரக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கு அதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். நான் வரிசையாக மூட்டுக்கு மேல் மூட்டாக ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்கு வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் அது அப்படியே நின்றது. பிறகு நானே பிரித்து நானே சரியாக வைத்தேன். அந்த இரண்டு நாளும் உன் அண்ணி தட்டில் போட்டது தட்டிலேயே இருந்தது, அவள் அதை அப்படியே எடுத்துப்போனாள்.

அடுத்த காலையில் போனால், மூலையில் தொப்பைக்கல்.

தங்கச்சி, புல்லில் அது கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. கல் மூலையில் கோணலாக, தொப்பையை வெளியே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் வாய்விட்டே சொன்னேன், "இது இங்க நிக்காது மாப்பிள்ளை, எத்தனை தடவ சொல்றது." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. சுற்றிப் பார்த்தேன். பல்வைத்தியர் வேலிக்கு அந்தப் பக்கம் நாயோடு நின்றுகொண்டிருந்தார். நீங்களா என்று கேட்டேன். "நான் பல்ல புடுங்குவேன், வைக்க மாட்டேன்" என்றார். சரி என்று அந்தக் கல்லை எடுத்துப் பழைய முறைப்படி குவியலுக்கு அடியில் புதைத்தேன். அன்று மதியம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் தொப்பைக்கல் மறுபடி மூலையில் இருந்தது.

உள்ளே வந்தால் உன் அண்ணி ஒரு கையால் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மறு கை விரலில் துணி சுற்றியிருந்தது. காய் நறுக்கும்போது பட்டுவிட்டது என்றாள். அன்றைக்கு நறுக்குவதற்கு வீட்டில் காயே இல்லை. ஜன்னல் கட்டையில் இன்னொரு இடது கையுறை ஈரமாக, மண்ணோடு காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷம் இந்தச் சுவரைப் பார்த்தாள், ஒரு கல்லைத் தொட்டதில்லை அவள், தூசி ஆகாது அவளுக்கு.

"ஏன்" என்றேன்.

"சண்டைக்கு ஆளில்லாம சுத்தி வந்தீங்க. பாக்க முடியல."

"அத அங்க வைக்கலாமா? அது நிக்குமா?"

"அண்ணன் அங்கதான வைப்பாரு. அவர மாதிரி வைக்க எனக்கு வரல. தப்பா வைக்கிறதுகூட லேசு இல்லங்க" என்றாள். சொல்லிவிட்டு டீயை என் பக்கம் தள்ளினாள்.

பிறகு இருவருமாகச் சேர்ந்துதான் முடித்தோம், ஆளுக்கொரு இடது கையுறையோடு. நேற்று மாலை மேல் வரிசை வரைக்கும் வந்தாயிற்று, மூலையில் மட்டும் ஓர் இடம் பாக்கி. என் வழக்கப்படி அளந்துகொண்டு குவியல் முழுக்கத் தேடினேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று பார்க்க நன்றாக இருந்து வைத்தால் ஆடுகிறது. கடைசியில் தொப்பைக்கல்லை எடுத்தேன், தட்டையை வெளியே காட்டித் தொப்பையை உள்பக்கம் திருப்பி வைத்தேன். அவரும் ஒருநாளும் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, அவர் வைக்கவும் நான் எடுக்கவுமே நேரம் சரியாக இருந்தது. கல் போய் உட்கார்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. அவர் சொன்ன இடம்தான் அதன் இடம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் தோற்றிருக்கிறேன், அதைச் சொன்னால் துள்ளிக் குதிக்கிற ஒரே ஆள் இல்லை.

ஆகவே நீ கேட்டபடி சுவர் முடிந்துவிட்டது. மேலே கை வைத்துத் தடவினால் விரலுக்குத் தடங்கல் இல்லை. மழைக்கோட்டை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தோம், உனக்கு வேண்டியிருக்கும் என்று. ஜன்னலை மறுபடி பொருத்திவிட்டேன், வாங்க வருகிறவர்கள் அதை மட்டும் திறக்காமல் தரகர் பார்த்துக்கொண்டால் போதும். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், தூக்கம் வர வேண்டும், பசி எடுக்க வேண்டும் என்று மூத்தவன் என்கிற உரிமையில் ஆசீர்வாதம் செய்கிறேன். உன் அண்ணி தன் அன்பை, சுண்டுவிரல் நீங்கலாக மற்ற விரல்களால், அனுப்புகிறாள். பல்வைத்தியர் உன்னை விசாரித்தார், படுக்கப் போகும்முன் பல் துலக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
இடுப்பைத் தவிர மற்றபடி சௌக்கியமாக இருக்கும்
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருந்தோம். பல்வைத்தியர் நாற்காலியோடு வந்தார். சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அப்ப இனிமே நான் எங்க வந்து உக்காருறது?" என்று கேட்டுவிட்டு, விரிக்காமலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். எனக்கு மாப்பிள்ளை சிமெண்டைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. மூலைக்குப் போய்த் தொப்பைக்கல்லை எடுத்தேன். எடுத்ததும் பக்கத்துக் கல் ஆடியது, அதையும் எடுத்தேன். உன் அண்ணி ஏன் என்று கேட்கவில்லை, கையுறையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாள். பல்வைத்தியர் நாற்காலியை வேலியில் சாத்திவிட்டு வந்து, இது பிடுங்குகிற வேலை, எனக்குத் தெரியும் என்று சேர்ந்துகொண்டார். வண்டி வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் மூலையிலிருந்து வாசல் வரைக்கும் கல் புல்லில் கிடக்கிறது.

ஆகவே மேலே எழுதிய அந்த ஒரு வரியை நீயே அடித்துக்கொள். சுவர் முடியவில்லை. வீட்டை விற்பது உன் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் முடிந்த சுவரோடுதான் விற்க வேண்டும் என்றால் அதை நீதான் வந்து முடிக்க வேண்டும். கோபம் வந்தால் போனில் திட்டாதே, தரகர் வருவதற்குள் நேரில் வந்து திட்டு. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். வரும்போது அந்த வலது கையுறையை எடுத்து வா, எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இடது கை மட்டும்தான் இருக்கிறது. தொப்பைக்கல்லை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது எங்கே போக வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நீ வந்து கையில் எடு, உனக்குத் தோன்றுகிற இடத்தில் வை. நீ எங்கே வைத்தாலும் அது அங்கே நிற்காது என்று சொல்ல நான் பக்கத்திலேயே இருப்பேன்.